இணையப் பாரங்களை ஸ்கிரிப்ட் கொண்டு நிரப்புவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பாடாங் செராய், லுனாஸ், கூலிம் பக்கம் இணையப் பாரம் (இணையத்தில் நிரப்பும் படிவம்) என்றாலே யாராவது ஒருவரைத் தேடிப் போவதுதான் வழக்கம். தமிழ்ப்பள்ளி அலுவலகத்தில் இருப்பவர், கோயில் நிர்வாகத்துச் செயலாளர், தோட்ட ஆபீஸ் கிராணி, போட்டோஸ்டாட் கடையில் உட்கார்ந்திருக்கும் தம்பி என்று யார் கையிலாவது அந்த வேலை வந்து சேரும். ஒரே பாரத்தை ஒரு வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் தட்டி முடிப்பதற்குள் கண் பூத்துவிடும். அதனால் பலர் கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட் படித்து, எக்சல் பட்டியலில் இருப்பதைப் பாரத்துக்குள் தானாகப் போட்டுவிடப் பார்க்கிறார்கள். நல்ல முயற்சி. அவர்கள் முட்டிக்கொள்ளும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன்.

நிரலில் வரும் பெயர்களை உச்சரிப்பின்படி தமிழில் தந்திருக்கிறேன். தட்டும்போது அவற்றின் வழக்கமான எழுத்துக்கூட்டலைப் பயன்படுத்துங்கள்.

பெட்டிக்குள் பெயர் நன்றாகத் தெரிகிறது. அனுப்பு பொத்தானை அழுத்தினால் மட்டும் "இந்தப் பகுதியை நிரப்பவும்" என்று சிவப்பில் வருகிறதே, ஏன்?

உங்கள் ஸ்கிரிப்ட் பெட்டியின் வேல்யூவை (உள்ளே இருக்கும் மதிப்பை) மாற்றியது. மாற்றியதைப் பக்கத்துக்கு யாரும் சொல்லவில்லை.

மனிதர் ஒருவர் ஓர் எழுத்தைத் தட்டினால் உலாவி அந்த எழுத்தைப் போடுவதோடு நிற்பதில்லை. கீடவுன், பிஃபோர்இன்புட், இன்புட், கீஅப் என்று வரிசையாக நிகழ்வுகளை எழுப்புகிறது. பெட்டியை விட்டு அடுத்த பெட்டிக்குப் போகும்போது சேஞ்ச், பிளர் இரண்டும் வருகின்றன. பக்கத்தை எழுதியவர் இவற்றில் ஏதோ ஒன்றுக்குக் காது கொடுத்து வைத்திருப்பார். ஸ்கிரிப்ட் வேல்யூவை நேராக மாற்றினால் உலாவி இவற்றில் ஒன்றையும் எழுப்பாது. இது உலாவியின் கோளாறு இல்லை, விதியே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

ரப்பர் பால் ஸ்டோரில் கிராணி எடை பார்த்துச் செக்ரோலில் (தொழிலாளர் பதிவேட்டில்) எழுதாமல் நேரே தொட்டியில் பாலை ஊற்றினால் பால் இருக்கும், கணக்கில் பெயர் இருக்காது. சம்பள நாளன்றுதான் தெரியவரும். பாரமும் அப்படியே. சிவப்பில் பிழை வந்தால் அது உங்கள் அதிர்ஷ்டம், உடனே தெரிந்துவிடுகிறது. சில பக்கங்கள் பிழை எதுவும் காட்டாமல் வெற்றுப் பெட்டியாகவே சர்வருக்கு அனுப்பிவிடும். பிள்ளையின் உதவித்தொகை விண்ணப்பம் "விவரம் முழுமையில்லை" என்று திரும்பி வரும்போது, அம்மா அப்பாவுக்குக் காரணமும் தெரியாது, தேதியும் தாண்டியிருக்கும். எனவே திரையில் தெரிவதை நம்பாதீர்கள். பக்கம் எதைப் பதிந்துகொண்டது என்பதைப் பாருங்கள். எப்படிப் பார்ப்பது என்பதைக் கீழே சொல்லியிருக்கிறேன்.

சரி, நிகழ்வை நானே எழுப்பலாமா? எதை எழுப்ப வேண்டும்?

எழுப்பலாம். வேல்யூவை வைத்த பிறகு, ஈவென்ட் என்னும் கட்டமைப்பானைக் கொண்டு புதிய நிகழ்வு ஒன்றை உருவாக்கி, அந்தப் பெட்டியின் டிஸ்பேட்ச்ஈவென்ட் செயல்கூறுக்குக் கொடுத்தால் போதும்.

எழுத்துப் பெட்டிகளுக்கு முதலில் இன்புட், பிறகு சேஞ்ச் என்ற வரிசையில் இரண்டையும் அனுப்புங்கள். இன்புட் ஒவ்வொரு எழுத்துக்கும் வருவது, சேஞ்ச் ஒருவர் மாற்றி முடித்த பிறகு வருவது. சில பக்கங்கள் முதலாவதைக் கேட்கும், சில இரண்டாவதை. பிளர் வந்த பிறகுதான் சரிபார்க்கும் பக்கங்களும் உண்டு. அவற்றுக்கு அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஃபோக்கஸ் செய்து (கர்சரைப் பெட்டிக்குள் கொண்டு வந்து), வேல்யூவை வைத்து, பிளர் செய்தால் சேஞ்ச் தானாக வந்துவிடாதா?

வராது. மனிதர் தட்டி மாற்றியிருந்தால்தான் பெட்டியை விட்டு வெளியேறும்போது உலாவி சேஞ்சை எழுப்பும். ஸ்கிரிப்ட் மாற்றியது அந்தக் கணக்கில் சேராது.

இன்னொன்று. கன்சோலில் (உலாவியில் கட்டளை தட்டும் பகுதியில்) நின்றபடி ஃபோக்கஸ் செயல்கூறை அழைத்தால், உங்கள் கர்சர் கன்சோலில் இருப்பதால் பக்கத்தில் ஃபோக்கஸ் நிகழ்வு எழாமல் போகலாம். அதை வைத்து "ஸ்கிரிப்ட் தவறு" என்று முடிவு கட்டாதீர்கள். பக்கத்தின் மேல் ஒரு தடவை சொடுக்கிவிட்டு, சில வினாடி தாமதித்து ஓடும்படி எழுதிப் பாருங்கள்.

இன்புட் அனுப்பினேன், அண்ணே. ஒன்றும் நடக்கவில்லை.

பபிள்ஸ் என்ற விருப்பத்தை ட்ரூ என்று கொடுத்தீர்களா, தம்பி? உலாவி எழுப்பும் இன்புட் பெட்டியில் தொடங்கி மேலே மேலே ஏறிப் பக்கத்தின் வேர் வரை போகும். நீங்கள் உருவாக்கும் நிகழ்வோ, சொல்லாவிட்டால் பெட்டியிலேயே நின்றுவிடும். இன்றைய பக்கங்கள் பல ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியாகக் காது வைப்பதில்லை, மேலே ஓரிடத்தில் இருந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்கின்றன. பக்கங்களைக் கட்டப் பலர் பயன்படுத்தும் ரியாக்ட் என்ற நிரல் நூலகம், 16ஆம் பதிப்பு வரை முழு ஆவணத்தின் மட்டத்தில் கேட்டது. 2020இல் வந்த ரியாக்ட் 17 முதல், தான் ஒட்டிக்கொண்டிருக்கும் வேர்ப் பெட்டியில் கேட்கிறது. எந்தப் பதிப்பானாலும் நிகழ்வு மேலே ஏறாவிட்டால் அதற்குக் கேட்காது.

ஃபோக்கஸ், பிளர் இரண்டும் இயல்பிலேயே மேலே ஏறாதவை. மேலே இருந்து கேட்கும் பக்கங்கள் அவற்றுக்குப் பதிலாக ஃபோக்கஸ்இன், ஃபோக்கஸ்அவுட் இரண்டையும் எதிர்பார்க்கும்.

ஷேடோ டாமுக்குள், அதாவது பக்கத்தின் மற்றப் பகுதியிலிருந்து பிரித்து மூடிய பகுதிக்குள், இருக்கும் பெட்டி என்றால் கம்போஸ்ட் என்பதையும் ட்ரூ ஆக்குங்கள். இல்லாவிட்டால் நிகழ்வு அந்த எல்லையைத் தாண்டி வெளியே வராது.

பபிள்ஸும் கொடுத்துவிட்டேன். ரியாக்ட் பக்கம் இன்னும் கேட்க மாட்டேன் என்கிறது. நான் எழுதியது ஒரு கணத்தில் மறைந்தும் போகிறது.

எங்களிடம் மிக அதிகமாக வரும் கேள்வி இது. காரணம் புரிந்தால் விடை கையோடு வந்துவிடும், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ரியாக்ட் ஒரு பெட்டியில் கடைசியாக என்ன இருந்தது என்று தனக்கென ஒரு குறிப்பு வைத்துக்கொள்கிறது. ஒரே மாற்றத்துக்கு இன்புட், சேஞ்ச் இரண்டும் வருவதால், இரண்டு தடவை வேலை செய்துவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. நிகழ்வு வந்ததும் குறிப்பில் இருப்பதையும் பெட்டியில் இருப்பதையும் ஒப்பிடும். இரண்டும் ஒன்றென்றால், "மாற்றம் இல்லை" என்று விட்டுவிடும்.

சிக்கல் என்னவென்றால், அந்தக் குறிப்பை நாளது வரை வைத்துக்கொள்ள ரியாக்ட் அந்தக் குறிப்பிட்ட பெட்டியின் வேல்யூ பண்பின் மேலேயே தன் சொந்த செட்டரை, அதாவது மதிப்பை வைக்கும்போது ஓடும் செயல்கூறை, போட்டு வைத்திருக்கிறது. நீங்கள் வேல்யூவை மாற்றும்போது அந்தச் செட்டர் வழியாகத்தான் போகிறீர்கள். குறிப்பும் சேர்ந்து மாறிவிடுகிறது. பிறகு நீங்கள் அனுப்பும் இன்புட் போய்ச் சேரும்போது குறிப்பும் பெட்டியும் ஒன்றாகவே இருக்கின்றன. ரியாக்ட் அசையாது. அடுத்த தடவை திரையை வரையும்போது தன் நினைவில் உள்ள பழைய, வெற்று மதிப்பைத் திரும்பப் போட்டுவிடுகிறது. உங்கள் எழுத்து மறைவது அப்போதுதான்.

வழி இதுதான். எச்டிஎம்எல்இன்புட்எலிமென்ட் என்பதன் புரோட்டோடைப்பில் (அவ்வகைப் பெட்டிகள் அனைத்துக்கும் பொதுவான மூல அச்சில்) உலாவியின் அசல் செட்டர் இருக்கிறது. கெட்ஓன்பிராப்பர்ட்டிடிஸ்கிரிப்டர் மூலம் அதை எடுத்து, கால் செயல்கூறால் உங்கள் பெட்டியின் மேல் இயக்குங்கள். ரியாக்டின் செட்டரைத் தொடாமல் மதிப்பு மாறும். அதற்குப் பிறகு பபிள்ஸுடன் இன்புட் அனுப்பினால், குறிப்பில் பழையதும் பெட்டியில் புதியதுமாக இருக்கும், ரியாக்ட் ஏற்றுக்கொள்ளும். பல வரி எழுதும் டெக்ஸ்ட்ஏரியாவுக்கு அதன் சொந்தப் புரோட்டோடைப் தனி. ஒன்றின் செட்டரை மற்றொன்றில் பயன்படுத்தினால் பிழை வரும்.

உலாவி நீட்சி எழுதுகிறவர்கள் சிலர், "எனக்கு இந்தத் தொல்லையே வரவில்லையே" என்பார்கள். நீட்சியின் உள்ளடக்க ஸ்கிரிப்ட் பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்ட்டிலிருந்து பிரித்து வைக்கப்பட்ட தனி உலகில் ஓடுகிறது. ரியாக்ட் போட்ட செட்டர் அங்கிருந்து கண்ணில் படாது, அசல் செட்டரே வேலை செய்யும். அதே நிரலைக் கன்சோலில் ஒட்டினால் தோற்பது இதனால்தான்.

ரியாக்ட் போன்ற மற்றவை, வியூ, ஆங்குலர்?

இவற்றில் அந்தத் தொல்லை இல்லை. வேல்யூவை வைத்து, பபிள்ஸுடன் இன்புட் அனுப்பினால் போதும். வியூவில் லேஸி என்று குறித்திருந்தால் சேஞ்சுக்குத்தான் காது கொடுக்கும். ஆங்குலரில் "தொடப்பட்டது" என்ற நிலை பிளர் வந்தால்தான் மாறும். சில பாரங்கள் அதைப் பார்த்த பிறகே பிழையைக் காட்டும்.

பழைய பக்கம், ஜேகுவெரி என்ற நிரல் நூலகத்தில் எழுதியது. ட்ரிகர் பயன்படுத்தலாமா?

உலாவியின் டிஸ்பேட்ச்ஈவென்ட்டையே பயன்படுத்துங்கள் என்பது என் கருத்து. ஜேகுவெரி வழியாகக் கட்டிய காதுகளுக்கும் அது கேட்கும், ஆட்ஈவென்ட்லிசனர் வழியாகக் கட்டியவற்றுக்கும் கேட்கும். ஜேகுவெரியின் ட்ரிகர் சேஞ்சை அனுப்பினால் இரண்டாம் வகைக்குக் கேட்காது. ஒரே பக்கத்தில் இரண்டு வகையும் கலந்து கிடப்பது சாதாரணம்.

ஒவ்வொரு எழுத்துக்கும் கீடவுன் அனுப்பினேன். ஒரு எழுத்துகூடப் பெட்டியில் விழவில்லையே?

விழாது. ஸ்கிரிப்ட் உருவாக்கும் கீடவுன் ஓர் அறிவிப்பு மட்டும்தான். அதைக் கேட்டு வேலை செய்யும் நிரல்கள் இயங்கும், ஆனால் எழுத்தைப் போடும் வேலை உலாவியுடையது. உண்மையான விசை தட்டப்பட்டால்தான் அது அதைச் செய்யும். டேப் விசையை இப்படி அனுப்பினால் அடுத்த பெட்டிக்கும் போகாது, என்டரை அனுப்பினால் பாரமும் போகாது.

விதிவிலக்கு கிளிக். அதை ஸ்கிரிப்ட் எழுப்பினாலும் உலாவி செய்ய வேண்டியதைச் செய்யும். செக்பாக்ஸில் குறி விழும், இணைப்பு திறக்கும், பொத்தான் பாரத்தை அனுப்பும்.

பெயரைத் தட்டினால் பெரிய எழுத்தாக மாறும் பெட்டி. ஸ்கிரிப்ட் போட்டால் மாறவில்லை.

மலேசியப் பாரங்களில் இது சகஜம். மாற்றுகிற நிரல் பெரும்பாலும் கீஅப்பில் கட்டப்பட்டிருக்கும். கீபோர்ட்ஈவென்ட்டில் ஒரு கீஅப் உருவாக்கி அனுப்பினால் அது ஓடும். அதைவிட எளிது, நீங்களே பெரிய எழுத்தாக்கி அனுப்புவது. ஆனால் அதே கீஅப்பில் வேறு வேலையும் ஒட்டியிருக்கலாம், உதாரணமாக ஐசி (அடையாள அட்டை) எண்ணின் இலக்கங்களை எண்ணிப் பார்த்து அடுத்த பெட்டியைத் திறப்பது. அதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அஞ்சல் குறியீடு போட்டால் பட்டணமும் மாநிலமும் தானாக வர வேண்டும். ஸ்கிரிப்டில் வரவே மாட்டேன் என்கிறது, வந்தாலும் தவறான பட்டணம் வருகிறது.

இரண்டு தனிக் கோளாறுகள் இதில் இருக்கின்றன.

முதலாவது கெடா போன்ற மாநிலங்களில் வருவது. நம் அஞ்சல் குறியீடு 0இல் தொடங்குகிறது: கூலிம் 09000, பாடாங் செராய் 09400, லுனாஸ் 09600. எக்சல் அதை எண்ணாக எடுத்துக்கொண்டு முன்னால் உள்ள 0ஐ விழுங்கிவிடும். ஸ்கிரிப்ட் கையில் வருவது 9400. நான்கு இலக்கத்தைப் பார்த்த பாரம் ஒன்றும் தேடாது, அல்லது எதையாவது தேடும். எக்சலில் அந்தப் பத்தியை முதலிலேயே டெக்ஸ்ட் என்று வடிவமைத்துவிட்டுப் பிறகு தட்டுங்கள். ஏற்கனவே தொலைந்த 0ஐ ஸ்கிரிப்டில் பேட்ஸ்டார்ட் கொண்டு ஐந்து இலக்கமாக நிரப்பிக்கொள்ளலாம்.

இரண்டாவது காத்திருத்தல். குறியீட்டைப் பெற்ற பாரம் சர்வரிடம் கேட்டு, விடை வந்த பிறகுதான் பட்டணப் பட்டியலை நிரப்புகிறது. உங்கள் ஸ்கிரிப்ட் அதற்குள் பட்டணத்தைத் தேர்ந்தெடுக்கப் போயிருக்கும். பட்டியலில் அது இன்னும் இல்லை, தேர்வு வெறுமையாகிவிடும். அல்லது நீங்கள் தேர்ந்தெடுத்த பிறகு சர்வரின் விடை வந்து அதை அழித்துவிடும்.

செட்டைம்அவுட்டில் இரண்டு வினாடி என்று வைத்துத் தப்பித்துக்கொள்ள நினைக்காதீர்கள். தோட்டத்து லைனில் இணையம் எப்போது எப்படி வரும் என்று சொல்ல முடியாது. மழை நாளில் இரண்டு வினாடி போதாது. பக்கத்தில் நடக்கும் மாற்றத்தைக் கவனிக்கும் மியூட்டேஷன்அப்சர்வரைப் பட்டியலின் மேல் வைத்து, நீங்கள் தேடும் பட்டணம் அதில் வந்து சேர்ந்ததும் தேர்ந்தெடுங்கள். குறித்த நேரத்துக்குள் வரவில்லை என்றால் அந்தப் பிள்ளையின் பெயரைத் தனிப் பட்டியலில் எழுதிவிட்டு நிற்கட்டும். அரைகுறைப் பாரம் மட்டும் போகக் கூடாது.

ஒரு எச்சரிக்கை. ஸ்கிரிப்டை ஓடவிட்டு வேறு தாவலுக்குப் போய்விட்டால் குரோம் பின்னால் உள்ள தாவலின் டைமர்களை வினாடிக்கு ஒரு தடவையாகக் குறைத்துவிடும். 2021இல் வந்த குரோம் 88 முதல், நீண்ட நேரம் மறைந்திருக்கும் தாவலில் அது நிமிடத்துக்கு ஒரு தடவைவரை கூடக் குறையும். ஓடும்வரை அந்தத் தாவலைக் கண்முன் வைத்திருங்கள்.

ஐசி எண்ணும் கெட்டுப்போகிறது.

அதே எக்சல்தான், இன்னும் மோசமாக. மலேசிய அடையாள அட்டையான மைகார்டின் எண் 12 இலக்கம். முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடம், கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றை, பெண்ணுக்கு இரட்டை. 2000 முதல் 2009 வரை பிறந்தவர்களின் எண் 0இல் தொடங்கும், எக்சல் அதை விழுங்கும். மற்றவர்களின் 12 இலக்கத்தையும் எக்சல் இயல்பாக அறிவியல் குறியீட்டில்தான் காட்டும், 8.50இ+11 என்பதுபோல. அந்த நிலையில் சிஎஸ்வி கோப்பாகச் சேமித்தால் திரையில் தெரிவதே கோப்பில் போகும், பின்னால் உள்ள இலக்கங்கள் போயே போய்விடும். திரும்பப் பெற வழியில்லை.

ஸ்கிரிப்ட் எழுதும் முன்பே ஒரு சரிபார்ப்பு எழுதுங்கள். 12 இலக்கம் இருக்கிறதா, முதல் ஆறு உண்மையான தேதியா, கடைசி இலக்கம் பாலினத்தோடு பொருந்துகிறதா. பொருந்தாத வரியைப் பாரத்துக்குள் அனுப்பாதீர்கள். சில வரி நிரல்தான், ஆனால் அதற்கு ஈடான பாதுகாப்பு வேறு எதுவும் இல்லை.

பெயரில் ஏ/எல் (இன்னாரின் மகன்), ஏ/பி (இன்னாரின் மகள்) வந்தால் பாரம் மறுக்கிறது. ஸ்கிரிப்ட் கொண்டு அதைத் தாண்டலாமா?

தாண்ட வேண்டாம். சாய்கோட்டை ஏற்காத பேட்டர்னை யாரோ எழுதி வைத்திருக்கிறார். மலேசிய இந்தியர் பெயர்கள் பல அந்தக் கோட்டைத் தாங்கி நிற்கின்றன என்பதை நினைத்துப் பார்க்காமல் எழுதப்பட்ட விதி அது, எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஆனால் உலாவியில் அந்த விதியை நீக்கிவிட்டு அனுப்பினால் சர்வர் மறுக்கலாம், அல்லது பெயர் மைகார்டில் உள்ளதோடு பொருந்தாமல் பதியலாம். எப்படி எழுதச் சொல்கிறார்கள் என்று பாரத்துக்குப் பொறுப்பானவர்களிடம் கேளுங்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் அதே முறையில் எழுதுங்கள். கோளாறு என்று அவர்களுக்கு எழுதியும் போடுங்கள்.

நினைவில் கொள்ள வேண்டியது: பேட்டர்ன் விதி ஸ்கிரிப்ட் வைத்த மதிப்பையும் சோதிக்கும். மேக்ஸ்லெங்த் விதி சோதிக்காது, அது மனிதர் தட்டியதை மட்டுமே கணக்கில் எடுக்கும். நீளமான முகவரி பெட்டியில் முழுசாகத் தெரிந்து சர்வரில் வெட்டுப்படுவது இதனால். நீளத்தை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

தமிழில் பெயர் கேட்கும் பாரம் என்றால்?

கைப்பேசியில் தமிழ் தட்டும்போது கம்போசிஷன் நிகழ்வுகள் வரும். வியூ போன்றவை அது முடியும்வரை மதிப்பை எடுத்துக்கொள்ளாமல் காத்திருக்கும். ஸ்கிரிப்டுக்கு அது தேவையில்லை, முழுச் சொல்லை வைத்து இன்புட் அனுப்பலாம்.

நீளத்தில் மட்டும் கவனம். முனியம்மாள் என்பது நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. உலாவியின் கணக்கில் 11, ஏனெனில் உயிர்மெய்யின் குறிகளும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும். பத்து எழுத்துப் பெட்டியில் அந்தப் பெயர் அடங்காது.

செக்பாக்ஸ், ரேடியோ, பட்டியல்?

செக்பாக்ஸ், ரேடியோ இரண்டுக்கும் செக்டு பண்பை மாற்றாதீர்கள், கிளிக் செயல்கூறை அழையுங்கள். கிளிக், இன்புட், சேஞ்ச் மூன்றையும் உலாவியே முறையாக எழுப்பும், ரியாக்டும் அவற்றில் கிளிக்கைத்தான் கேட்கிறது. ஏற்கனவே குறி இருந்தால் கிளிக் அதை எடுத்துவிடும் என்பதால் முதலில் நிலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். சாதாரண செலக்ட் பட்டியலுக்கு வேல்யூவை வைத்து, பபிள்ஸுடன் சேஞ்ச்.

பட்டியல் போலத் தெரிகிறது, ஆனால் உள்ளே செலக்ட் இல்லை. வெறும் டிவ்கள்.

யாரோ கையால் செய்த பட்டியல். கிளிக் அனுப்பியும் திறக்கவில்லை என்றால் அது பெரும்பாலும் மவுஸ்டவுனையோ பாயிண்டர்டவுனையோ கேட்கிறது என்று பொருள். உண்மையான சொடுக்கில் பாயிண்டர்டவுன், மவுஸ்டவுன், பாயிண்டர்அப், மவுஸ்அப், கிளிக் என்ற வரிசை வரும். கிளிக் செயல்கூறு கடைசியை மட்டுமே தரும். விட்டுப்போனவற்றை மவுஸ்ஈவென்ட், பாயிண்டர்ஈவென்ட் கொண்டு பபிள்ஸுடன் அனுப்பிப் பாருங்கள். திறந்த பிறகு உள்ளே இருப்பவை டாமில் (பக்கத்தின் உறுப்புகள் அடுக்கியுள்ள மரத்தில்) வந்து சேரும்வரை காத்திருந்து, வேண்டியதைச் சொடுக்குங்கள். சில பட்டியல்கள் பக்கத்தின் கடைசியில் போய் ஒட்டிக்கொள்ளும், பெட்டிக்குப் பக்கத்திலேயே தேடாதீர்கள்.

தேதி வைத்தால் வெறுமையாகிவிடுகிறது.

டேட் வகைப் பெட்டி திரையில் நாள், மாதம், ஆண்டு என்று காட்டினாலும் அதன் வேல்யூ ஆண்டு-மாதம்-நாள் வடிவில்தான் இருக்க வேண்டும்: 2015-03-09. வேறு வடிவில் கொடுத்தால் உலாவி அதை வெற்றாக்கிவிடும்.

பிறப்புப் பத்திரத்தின் படத்தை ஸ்கிரிப்ட் கொண்டு ஏற்றலாமா?

கோப்புப் பெட்டிக்குக் கோப்பின் பாதையை வேல்யூவாக வைக்க உலாவி விடாது. எந்தப் பக்கமும் உங்கள் கணினியில் இருப்பதைக் கேளாமல் எடுத்துவிடக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. ஸ்கிரிப்ட் கையில் ஏற்கனவே கோப்புப் பொருள் இருந்தால், டேட்டாட்ரான்ஸ்ஃபரில் அதைச் சேர்த்து, பெட்டியின் ஃபைல்ஸ் பண்பில் வைத்து, சேஞ்ச் அனுப்பலாம். வெளியிலிருந்து உலாவியை இயக்கும் செலினியம் என்ற கருவியில் சென்ட்கீஸுக்குப் பாதையைக் கொடுத்தால் போதும். ஆனால் பத்திரப் படங்கள் ஆள் மாறிப் போனால் பெரிய துன்பம். அதைக் கையால் செய்வதையே நான் விரும்புகிறேன்.

இஸ்டிரஸ்டட் என்றால் என்ன? செலினியம், பிளேரைட் எப்போது தேவைப்படும்?

உலாவி எழுப்பும் நிகழ்வில் இஸ்டிரஸ்டட் ட்ரூ என்று இருக்கும். பக்கத்துக்குள் ஓடும் ஸ்கிரிப்ட் உருவாக்கியதில் ஃபால்ஸ். அதை மாற்ற முடியாது. பெரும்பாலான பாரங்கள் இதைப் பார்ப்பதேயில்லை. பார்ப்பவற்றிலும், உண்மையான விசைத்தட்டல் இருந்தால்தான் அசையும் பெட்டிகளிலும், உள்ளிருந்து எவ்வளவு நிகழ்வு அனுப்பினாலும் பயனில்லை.

அங்கேதான் வெளியிலிருந்து உலாவியை இயக்கும் கருவிகள் வருகின்றன. 2004இல் ஜேசன் ஹக்கின்ஸ் தொடங்கிய செலினியம் முதலில் பக்கத்துக்குள் ஓடும் ஜாவாஸ்கிரிப்டாகவே இருந்தது, நாம் இங்கே பேசும் எல்லைகள் அத்தனையும் அதற்கும் இருந்தன. சைமன் ஸ்டூவர்ட்டின் வெப்டிரைவர் அதோடு சேர்ந்த பிறகு, கட்டளை வெளியிலிருந்து உலாவிக்குப் போய் உலாவியே விசையைத் தட்டுவதாக மாறியது. 2018இல் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அதைத் தரமாக ஏற்றது. கூகிளின் பப்பெட்டியர் 2017இலும், மைக்ரோசாஃப்டின் பிளேரைட் 2020இலும் வந்தன. இவை தட்டும் விசைகளுக்கு இஸ்டிரஸ்டட் ட்ரூ.

பிளேரைட்டில் ஃபில் வேகமானது, மதிப்பை வைத்து இன்புட் எழுப்பும், ஆனால் விசை ஒவ்வொன்றையும் தட்டாது. கீஅப்பை நம்பியிருக்கும் பெட்டிக்கு பிரஸ்சீக்வென்ஷியலியைப் பயன்படுத்துங்கள். வாரம் ஒரு தடவை சிறு பட்டியல் என்றால் கன்சோல் ஸ்கிரிப்டே போதும். பள்ளி முழுவதற்கும் என்றால் பிளேரைட் கற்றுக்கொள்ளும் நேரம் வீண்போகாது, காத்திருக்கும் வேலையை அதுவே பார்த்துக்கொள்கிறது.

பாரத்தின் சப்மிட் செயல்கூறை அழைத்தேன். எந்தச் சரிபார்ப்பும் இல்லாமல் போய்விட்டது, டீச்சர் திட்டினார்.

சப்மிட் செயல்கூறு, பாரத்தின் விதிகளையும் பார்க்காது, சப்மிட் நிகழ்வையும் எழுப்பாது. ரிக்வெஸ்ட்சப்மிட் இரண்டையும் செய்யும். இதைவிட நல்லது, அனுப்புவதை ஸ்கிரிப்டுக்கு விடாமல் மனிதர் கண்ணால் பார்த்துவிட்டுப் பொத்தானைத் தானே அழுத்துவது. நிரப்பும் நேரம்தான் நீண்டது, ஒரு சொடுக்கு யாருக்கும் சுமையில்லை.

பக்கம் எந்த நிகழ்வைக் கேட்கிறது, எதைப் பதிந்துகொண்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

குரோமில் பெட்டியின் மேல் வலச்சொடுக்கி இன்ஸ்பெக்ட் போங்கள். எலிமென்ட்ஸ் பகுதியில் ஈவென்ட் லிசனர்ஸ் என்ற தாவல், அந்தப் பெட்டிக்கும் அதற்கு மேலுள்ளவற்றுக்கும் கட்டியுள்ள காதுகளைக் காட்டும். பிறகு கன்சோலில் மானிட்டர்ஈவென்ட்ஸ் கட்டளையை அந்தப் பெட்டியின் மேல் ஏவி, கையால் ஓர் எழுத்து தட்டுங்கள். என்னென்ன நிகழ்வு எந்த வரிசையில் வந்தது என்று அச்சாகும். அடுத்து ஸ்கிரிப்டை ஓட்டி, இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விட்டுப்போனது கண்ணில் படும். எல்லாவற்றையும் கண்மூடி அனுப்புவதைவிட, விட்டுப்போனதை மட்டும் சேர்ப்பதே நல்லது. தேவையற்ற நிகழ்வு சில பாரங்களில் சர்வரிடம் இரண்டு தடவை கேட்க வைக்கும்.

பதிந்ததா என்று பார்க்க நெட்வொர்க் தாவல். முதல் விண்ணப்பத்தை அனுப்பும்போது அதைத் திறந்து வைத்து, போன கோரிக்கையின் பேலோடில் (அனுப்பப்பட்ட விவரத்தில்) ஒவ்வொரு பெட்டியின் மதிப்பும் இருக்கிறதா என்று வரிவரியாகப் படியுங்கள். அது சரியாக இருந்தால் மட்டுமே இரண்டாவது பிள்ளைக்குப் போங்கள்.

பாரம் ஐஃப்ரேமுக்குள், அதாவது பக்கத்துக்குள் பதித்த இன்னொரு பக்கத்துக்குள், இருக்கிறது.

அதே தளத்தின் ஐஃப்ரேம் என்றால் அதன் ஆவணத்துக்குள் போய்ப் பெட்டியைத் தேடலாம். வேறு தளத்தினுடையது என்றால் உலாவி உங்கள் ஸ்கிரிப்டை உள்ளே விடாது. பணம் கட்டும் பெட்டிகள் பல அப்படி வைக்கப்படுவதற்குக் காரணமே அதுதான்.

கேப்சாவைத் தாண்ட வழி உண்டா? இதெல்லாம் சட்டப்படி சரிதானா?

கேப்சா வந்தால் மனிதர் செய்யட்டும். அது மனிதர் இருக்கிறாரா என்று கேட்கிறது, நீங்கள் அங்கேயேதான் இருக்கிறீர்கள்.

ஒருவர் தம் விவரத்தைத் தாமே கொடுத்து, தம் கணக்கில் நிரப்பச் சொல்லும்போது, தட்டும் வேலையை ஸ்கிரிப்டுக்குக் கொடுப்பது உதவிதான். தளத்தின் விதிகள் தானியங்கி முறையைத் தடுத்திருக்கிறதா என்று முதலில் படித்துவிடுங்கள். அனுமதியில்லாமல் இன்னொருவர் கணக்கில் நுழைவது வேறு விஷயம், 1997ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டம் அனுமதியற்ற நுழைவைக் குற்றமாக்குகிறது. கட்டணம் வாங்கி இந்த வேலையைச் செய்யும் கடைக்காரர்கள் 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். வணிகத்தில் கையாளப்படும் தனிநபர் விவரங்களுக்கு அது பொருந்தும், 2013 நவம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது.

லயத்திலிருந்து ஒரு பாட்டி தன் ஐசியையும் கடவுச்சொல்லையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கையில் கொடுத்துவிட்டு நம்பிப் போகிறார். அந்தக் கடவுச்சொல்லை ஸ்கிரிப்டுக்குள் எழுதி வைக்காதீர்கள், எக்சலிலும் வைக்காதீர்கள். வேலை முடிந்ததும் தாளைத் திருப்பிக் கொடுங்கள், கணினியில் உள்ள பட்டியலை அழித்துவிடுங்கள். கடைக் கணினி என்றால் கணக்கிலிருந்து வெளியேறியதை அவர் கண்முன்னே காட்டுங்கள்.

அடுத்த வருடம் பாரத்தை மாற்றிவிட்டால்?

மாற்றத்தான் செய்வார்கள். பெட்டிகளை "மூன்றாவது பெட்டி, ஐந்தாவது பெட்டி" என்று வரிசை எண்ணால் பிடிக்காதீர்கள். நடுவில் ஒரு பெட்டி சேர்ந்தால் அப்பாவின் பெயர் அம்மாவின் பெட்டியில் போய் விழும், பாரமும் ஏற்றுக்கொள்ளும். நேம் பண்பாலோ லேபிளில் உள்ள சொல்லாலோ பிடியுங்கள். தேடிய பெட்டி கிடைக்கவில்லை என்றால் ஸ்கிரிப்ட் அந்த இடத்திலேயே நின்று, எந்தப் பெட்டி என்று சொல்ல வேண்டும். புது வருடத்தில் முதல் பாரத்தை எப்போதும் உங்கள் சொந்த விவரத்தோடு நிரப்பி, அனுப்பாமல் பார்த்துவிட்டு, அதன் பிறகு பிள்ளைகளின் பட்டியலைத் திறவுங்கள்.